அண்ணன் காலைப் பிடிச்சு இழுத்த நாள்

காலையில விளக்கேத்தி, மாரியம்மாவுக்கு செம்பருத்தி வச்சு, சூடம் கொளுத்தப் போற நேரத்துல போன் அடிச்சுச்சு. டுரியான் துங்கால்ல இருக்கிற அண்ணன் வீட்டுலேருந்து அண்ணி. "உங்க அண்ணன எழுப்புறேன், எழுந்திருக்க மாட்றாரு"ன்னாங்க. கையில இருந்த தீப்பெட்டி கீழ விழுந்துச்சு. வாழ்நாள் முழுக்க அடிதடி, ரத்தம், சத்தம்னு இருந்த மனுஷன், தூக்கத்துல ஒரு முனகல்கூட இல்லாம போயிட்டாரு.

கருமாதிக்கு வர்றவங்க படிக்கணும்னு அவரு மக கவிதா என்னய எழுதச் சொல்லிச்சு. "நல்லது மட்டும் எழுதாதீங்க அத்தை, அப்புறம் வேற யாரோன்னு நினைச்சிடுவாங்க"ன்னும் சொல்லிச்சு. அதனால உள்ளத உள்ளபடி எழுதுறேன். சாமி மன்னிக்கணும்.

எங்க அண்ணன் வீரையா ஜாசின் பக்கத்து எஸ்டேட்ல பிறந்தவரு. அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ பெல்ட்டால விளாசுவாரு. மீசை முளைக்காத வயசுலயே அண்ணன் குறுக்க விழுந்து, பெல்ட்ட புடுங்கி, பாராங்கத்தியால துண்டு துண்டா வெட்டி வாசல்ல போட்டாரு. அதுக்கு வாங்குன அடியில இடது காது கடைசி வரைக்கும் சரியா கேக்கல. "ஒரு காது போனா என்னா லா, அம்மா அழுற சத்தம் நின்னுச்சில்ல"ன்னுவாரு.

வளந்ததும் எண்ணெய் ஆட்டுற செம்பனை குலை ஏத்துற லாரி ஓட்டுனாரு. அங்கயும் கைதான் முதல்ல பேசும். அந்த கை என் வீட்டுக்கும் வந்துச்சு. எனக்கு கல்யாணமாகி பாயா ரும்புட்ல இருந்தப்ப, என் வீட்டுக்காரரு சேகர் குடிச்சிட்டு என்னய அறைஞ்சிட்டாரு. விஷயம் அண்ணன் காதுக்கு போயிடுச்சு. நல்ல காதுக்கு! கோயில் திருவிழா அன்னதானத்துல இவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, அண்ணன் நேரா வந்து, "மாப்பிள்ள, எழுந்திரு"ன்னாரு. எழுந்ததும் விட்டாரு ஒரு குத்து. முன்பல்லு ரெண்டு இலையில, ரசத்துல விழுந்துச்சு. "இப்பதான் அம்மன கும்பிட்டேன். அந்த கையாலதான் குத்துனேன். அவ பாத்துக்குவா"ன்னுட்டு போயிட்டாரு.

அன்னிலேருந்து இவரு குடிய விட்டாரு. என் மேல கை வைக்கிறதையும் விட்டாரு. பெரியவங்க, "மூத்த மச்சான், கால்ல விழுந்து சமாதானமாயிடு"ன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. இவரு அம்மன் முன்னாடி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டாரு: "அந்தாளு செத்தாலும் அவரு கால தொட மாட்டேன்." தீபாவளி எத்தனை வந்துச்சு, போச்சு. பேச்சு கிடையாது.

அண்ணனுக்கு ஒரு பழைய பச்சை கார் இருந்துச்சு, வெள்ளைக்கார தொரைமாருங்க ஓட்டுன காலத்து கார். கவிதாவ ஆஸ்பத்திரியில பெத்து அந்த கார்லதான் வீட்டுக்கு கொண்டு வந்தாரு. தாலி கட்டவும் அதுலதான் கொண்டு போகணும்னு ஒரே பிடிவாதம். போன வருஷம் கல்யாணம் நெருங்குது, காரு பின்னாடி டொக்கு டொக்குன்னு அடிக்குது. வளைவுல வாலு ஆடுது. ஸ்பிரிங் பட்டையோட முனையில இருக்கிற ரப்பர் புஷ்ஷெல்லாம், அதான் அதிர்வு தாங்குற ரப்பர் வளையமெல்லாம், தேஞ்சு போச்சாம். ஒர்க்‌ஷாப்புல விட மாட்டேன்னுட்டாரு. ஆனா வேலைக்கு ரெண்டு ஆளு வேணும். எனக்கு போன் பண்ணி, "உன் புருஷன வரச் சொல்லு, சம்மட்டி பிடிக்க தெம்பான ஆளு வேணும்"ன்னாரு.

இவரு சிரிச்சாரு. பல்லு இல்லாத ஓட்ட தெரிய சிரிச்சாரு. "வரேன்னு சொல்லு. கார் கீழ அவரு படுக்கட்டும், சம்மட்டி என் கையில இருக்கட்டும்"ன்னாரு. முந்தானையில திருநீறு முடிஞ்சிக்கிட்டு நானும் கிளம்பிட்டேன்.

அண்ணன் வீட்டு முன்னாடி கார ஜேக்கி போட்டு தூக்கி, கட்டை அடுக்கி, சக்கரத்த கழட்டியிருந்தாங்க. அண்ணன் மல்லாக்க படுத்து உள்ள போயிட்டாரு. வெளியில ரெண்டு கால் மட்டும்தான். துரு பிடிச்ச போல்ட்டு அசையல. கேஸ் நெருப்ப காட்டுனாங்க. உள்ள இருந்த பழைய ரப்பர் பத்திக்கிட்டு, கறுப்பு புகை, பொணம் எரியிற மாதிரி நாத்தம். இவரு சம்மட்டியால அடிக்கிறாரு, ஒவ்வொரு அடிக்கும் காரே குலுங்குது. திடீர்னு சம்மட்டிய தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிறுத்திட்டாரு.

"மச்சான், என் பல்லு ரெண்டும் ஞாபகம் இருக்கா?"

முந்தானை திருநீற பிடிச்சுக்கிட்டேன். தாயே, தாயேன்னேன்.

உள்ளேருந்து அண்ணன் குரல்: "நல்லா இருக்கு. இன்னொரு தடவ என் தங்கச்சி மேல கை வச்சா மிச்சமும் போகும். இப்ப அடிடா!"

அடிச்சாரு. போல்ட்டு பிச்சிக்கிட்டு போச்சு. ஸ்பிரிங் பட்டை பாம்பு மாதிரி துள்ளி கட்டைய தட்டி விட்டுடுச்சு. கார் சாயுது. கழட்டுன டயர எப்பவும் கார் வயித்துக்கு கீழ தள்ளி வைக்கணும், விழுந்தா அது தாங்கும்னு அண்ணன் சட்டமே போட்டிருந்தாரு. ஆனா டயரு அங்க இல்ல. கல்யாண கார் சக்கரம் மண்ணுல கிடக்கலாமான்னு அண்ணி அத உருட்டிட்டு போய், மஞ்சத் தண்ணியில கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு துளசி மாடத்து பக்கத்துல சாத்தி வச்சிருக்காங்க!

இவரு சம்மட்டிய வீசிட்டு, குனிஞ்சு, அண்ணனோட ரெண்டு காலையும் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்தாரு. அண்ணன் தலை வெளியில வரவும் கார் தொம்முன்னு உக்காரவும் சரியா இருந்துச்சு. சிமெண்டுல உரசி அண்ணன் முதுகு தோலெல்லாம் வழண்டு ரத்தம். நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, நாங்க மக்சிக்னு கூப்பிடுறவங்க, ஓடி வந்துட்டாங்க.

அண்ணன் எழுந்தாரு. வந்த வேகத்துல இவரு கன்னத்துல ஒண்ணு விட்டாரு.

"ஏன்டா, கால தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணவன்தானே நீ?"

இவரு கன்னத்த தடவிக்கிட்டே, "தொடல மச்சான். இழுத்தேன்"ன்னாரு.

ரெண்டு பேரும் தரையில உக்காந்து சிரிச்சாங்க பாருங்க, ரத்தமும் கிரீஸுமா! அப்புறம் கார மறுபடி தூக்கி, டயர கார் வயித்துக்கு கீழயே தள்ளிட்டு, புது ரப்பர சோப்புத் தண்ணி தடவி அடிச்சு இறக்குனாங்க. கார் தரையில நின்ன பிறகுதான் நட்ட கடைசியா இறுக்குனாங்க. தொங்கும்போது இறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டு கிழிஞ்சிடுமாம். "பாரம் ஏறுன பிறகுதான் இறுக்கணும், மாப்பிள்ள"ன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கவிதா ஒரு சத்தமும் இல்லாத கார்ல கோயிலுக்கு போச்சு.

அண்ணன் போன அன்னிக்கு காலையில நாங்க போய் சேந்தப்ப அண்ணன நடுவீட்டுல கிடத்தியிருந்தாங்க. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்து கட்டணும், யாரு கட்டுறதுன்னு கேட்டாங்க. இவரு முன்னாடி போனாரு. மண்டி போட்டு, வெள்ளைத் துணிய கிழிச்சு கட்டுனாரு. கட்டி முடிச்சும் கைய எடுக்கல. நெத்திய அந்த பாதத்துல வச்சுக்கிட்டு, "அன்னிக்கு இழுத்தேன், வந்தீங்க. இப்ப எப்படி இழுக்குறது மச்சான்?"னு கேட்டாரு.

போயிட்டு வாங்கண்ணே. ஆத்தா மடியிலயாவது யாரோடயும் சண்டை போடாம இருங்க.