மாடியில் ஆறாம் வகுப்பு

எங்கள் உத்திர வீதியில் ஆராவமுதன் மாமாவைத் தெரியாதவர் இல்லை. நம்பெருமாள் கோயிலிலிருந்து வீதிக்கு எழுந்தருளும் புறப்பாட்டின்போது பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் ஒருவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருக்கும். அவருடைய ஒரே மகள் ரங்கநாயகி என் வகுப்பில் படித்தாள். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவள் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. ஐந்தாம் வகுப்பு வரை கவலையில்லை. எல்லாம் கீழ்த்தளம். மாமா காலையில் தூக்கி வந்து உட்காரவைத்துவிட்டுப் போவார். கணக்கில் அவளை எங்களில் யாரும் முந்தியதில்லை.

1958 ஜூனில் நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் போனோம். அது மாடியில் இருந்தது. படி செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பிகூடக் கிடையாது. மாமா தலைமையாசிரியரிடம் போனார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம்.

"ஆறாம் வகுப்பைக் கீழ கொண்டு வரப்படாதா சார்?"

"ஒரு பொண்ணுக்காக வகுப்பையே இறக்கச் சொல்றீங்களா? அப்புறம் சின்னப் பிள்ளைங்களை மேல ஏத்தணும். ஒண்ணு உருண்டு விழுந்தா யார் பதில் சொல்றது? பொம்பளைப் பிள்ளைக்கு அஞ்சு படிச்சது போதாதா சாமி?"

"எட்டு முடிச்சா டீச்சர் டிரெயினிங் சேத்துடலாம் சார். உக்காந்துண்டே பாடம் சொல்லுவா. எனக்கப்புறம் அவளை யார் தூக்குவா, சொல்லுங்கோ?"

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. யோசிக்கலாம் என்றார். யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து மாமா அவளை மாடிக்குச் சுமந்தார். காலையில் ஏற்றி, மத்தியானம் இறக்கி, மறுபடி ஏற்றி, சாயங்காலம் இறக்குவார். "நாயகி புறப்பாடு ஆயாச்சு, வழி விடுங்கடா!" என்று பையன்கள் கத்துவார்கள். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். வகுப்பில் அவள் தண்ணீர் குடிப்பதே இல்லை. நடுவில் கீழே போக வேண்டி வந்தால் தூக்க ஆள் இல்லையே. வளர்ந்த பெண்ணைப் பியூன் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மாவுக்கோ இழுப்பு வியாதி.

மார்கழி வந்தது. உற்சவம் தொடங்கினால் மாமா கோயிலை விட்டு அசைய முடியாது. பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் களைத்துப் போனால் இன்னொருவர் தோள் கொடுத்து அவர் இடத்தில் நின்றுகொள்வார். களைப்பாறி வந்ததும் அந்த இடம் பழையபடி அவருக்குத்தான். அதற்குப் பேச்சே கிடையாது. மாமா அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவர். நேரே தலைமையாசிரியரிடம் போய், "உற்சவம் முடியற வரைக்கும் நாயகி கீழ அஞ்சாம் வகுப்புல உக்காந்துக்கட்டும் சார்" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, தாராளமா!"

அன்றைக்கு மாமாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலைமையாசிரியர் பெரிய மனுஷர் என்று வீதி முழுக்கச் சொன்னார்.

பொங்கல் கழித்துப் பள்ளி திறந்ததும் மகளை மாடிக்குத் தூக்கிப் போனார். ஆறாம் வகுப்பு வாத்தியார் வாசலிலேயே நிறுத்தி, பெரிய சாரைப் பார்க்கச் சொன்னார். மாமா தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"கீழ சௌகரியமாத்தானே இருக்கா? பாடமும் நிறைய விட்டுப்போச்சு. இந்த வருஷம் அங்கேயே இருக்கட்டும். நீங்கதானே கேட்டீங்க?"

"உற்சவம் வரைக்கும்னுதானே கேட்டேன்! நான் திரும்பி வந்தா என் இடம் எனக்குத்தானே சார்?"

"இது கோயில் இல்ல சாமி."

மாமா விடவில்லை. தினமும் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "விட்டுப்போன பாடத்தை இந்தப் பசங்களை விட்டு ஆத்துல சொல்லிக் கொடுக்கச் சொல்றேன். அவளுக்குப் புத்தி குறைச்சல்னு யாராவது சொல்லட்டும், நான் போயிடறேன்" என்றார். அப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை. கடைசியில் பிப்ரவரி பிறந்த பிறகு தலைமையாசிரியர் சலித்துப்போய், "சரி, தூக்கிட்டுப் போங்க" என்றார்.

மாமா ஓடி வந்தார். ஐந்தாம் வகுப்பில் அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார். எப்போதும் அவள் தானாகக் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்கு அசையவில்லை.

"ஏறிக்கோடி கண்ணா."

"வேண்டாம்பா."

"பெரிய சார் சொல்லிட்டார்டி!"

"நான் கீழயே இருக்கேன். இங்க தண்ணி குடிக்கலாம்ப்பா."

மாமா எழுந்திருக்கவில்லை. கைகள் இரண்டும் அவளைப் பிடிக்கத் தயாராகப் பின்னால் நீண்டபடியே இருந்தன.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை அவள் மறுபடி எழுதினாள். நூற்றுக்கு நூறு. ஜூனில் பள்ளிக்கு வரவில்லை.

இந்த வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். என் புத்தகங்களை ரங்கநாயகி கேட்டு வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மாமா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"உன் தங்கை இப்ப எந்த வகுப்புடா?"

"ஆறாவது, மாமா."

"மாடிதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"இல்ல மாமா. போன ஐப்பசி மழையில மாடி ஒழுகித்து. பெஞ்செல்லாம் நனையறதுன்னு கீழ இறக்கிட்டா."

"இறக்க ரொம்ப நாளாச்சோ?"

"ஒரு மத்தியானம்தான் மாமா."

அவர் துண்டை எடுத்துக் காய்ப்பு இருந்த தோளை ஒருமுறை துடைத்துக்கொண்டார். உள்ளே புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கும் ரங்கநாயகியின் குரல் கேட்டது. அவர் வாசற்படியை மிதிக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.