எடையில் தெரியாத தோட்டா

1. புஷ்பா அக்காவின் மணிக்கட்டு

பினாங்கில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் பதினெட்டு வருடம் ஆர்மரராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கிகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது, ஆர்மரியைப் பூட்டுவது, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது, இவ்வளவுதான். சுட்டு முடித்த காலி பித்தளைக் கேஸ்களில் பொறி கொடுக்கும் பிரைமர், பவுடர், புல்லட் எல்லாம் வைத்து மறுபடி தோட்டா ஆக்கும் ரீலோடிங் வேலையும் என் தலையில்தான். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த ஸ்பிரிங், எவ்வளவு பவுடர் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பு எந்தக் கையேட்டிலும் இல்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஸ்டீல் போட்டி எங்கள் பக்கம் சூடு பிடித்தது. ஐந்து இரும்புத் தட்டுகளை யார் சீக்கிரம் அடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. அடி விழுந்தால் 'டிங்' என்று தட்டே சொல்லிவிடும். எங்கள் கிளப்பில் வேகமான கை புஷ்பா அக்காவுடையது. அவர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, பிறகு பஸ் பிடித்து ஆயர் ஈத்தாமில் இருந்த கிளப்புக்கு வருவார். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் வலி போகவில்லை.

"மணியம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் கைக்குள்ள கரண்ட் அடிக்குது," என்றார். "ஸ்டேட் டீம் செலக்‌ஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். எனக்கும் வயசாகுதுலா. இந்த வாட்டி விட்டா அவ்வளவுதான். ஏதாச்சும் செஞ்சு குடு."

செய்தேன். எடை குறைந்த ஈய புல்லட்டும் கையேடு அனுமதிக்கும் மிகக் குறைந்த பவுடரும் போட்டேன். உதை குறைந்தது, ஆனால் பிஸ்டல் முரண்டு பிடித்தது. சுட்டதும் பின்னால் ஓடித் திரும்ப வேண்டிய மேல்பாகம், அந்த ஸ்லைடு, முழுசாகப் போகாமல் காலி கேஸ் வாயிலேயே மாட்டிக்கொண்டது. மெல்லிய ஸ்பிரிங் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, நான்காவதில் சரியாக ஓடியது. இப்போது குறி கொஞ்சம் கீழே விழுந்தது. குறி பார்க்கும் முன் சைட்டை அரத்தால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துச் சரிசெய்தேன். ஒரு மாதம் ஆயிற்று. அன்று அக்கா ஐந்து தட்டையும் அடித்துவிட்டு, கையை உதறாமல் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. ஒரு சிட்டிகை பவுடர்

செலக்‌ஷனுக்கு மூன்று நாள் முன்பு அக்காவுக்காக முந்நூறு தோட்டா போட்டேன். நடுவில் செகரட்டரி ராஜரத்தினம் சார் கூப்பிட்டார். போலீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். தோட்டா போடும் பிரெஸ்ஸின் நெம்புகோலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். அரை மணி கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து இழுத்தேன். விட்ட இடம் எது என்று பார்க்கவில்லை. புல்லட் வைக்கும் முன் கேஸுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும், ஒரு விநாடி வேலை. கை பழகிவிட்டது என்ற திமிர் என்னைப் பார்க்க விடவில்லை.

செலக்‌ஷன் அன்று காலை எட்டு மணிக்கு பிரெஸ்ஸைத் துடைக்கும்போது அடித்தட்டில் ஒரு சிட்டிகை பவுடர் கிடந்தது. ஏறக்குறைய ஒரு தோட்டாவுக்குப் போடும் அளவு.

அப்படியானால் ஏதோ ஒரு தோட்டாவைப் பவுடர் இல்லாமலே மூடியிருக்கலாம். பவுடர் இல்லாத தோட்டா வெடிக்காது என்று நினைக்காதீர்கள். பிரைமர் மட்டும் 'டப்' என்று அடித்து புல்லட்டைக் குழாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். ஸ்லைடு நகராது. துப்பாக்கி மக்கர் செய்தால் நம் போட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? தட்டுவார்கள், இழுப்பார்கள், சுடுவார்கள். யோசிக்காமல் செய்யும்படி அதற்கென்றே பயிற்சி. அடைத்த குழாயில் அடுத்த குண்டு போனால் குழாய் வெடிக்கும். அக்காவின் வேகமே அக்காவுக்கு எமன்.

ராஜரத்தினம் சாரிடம் ஓடினேன்.

"பத்து மணிக்கு ஷூட்டிங். இப்ப வந்து சொல்றியே," என்றார். "எல்லாத்தையும் தராசுல போட்டுப் பாரு. பவுடர் இல்லாதது எடை கொறையும்தானே? சரியா இருந்தா விட்டுரு. அந்தப் பொண்ணையும் பயமுறுத்தாத."

அந்த யோசனை எனக்குத் தேன் மாதிரி இருந்தது. எடை போட்டேன். ஒன்று மற்றதைவிடக் குறைவாக நின்றது. அகப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால் உள்ளே பவுடர் சரியாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஈய புல்லட்டுகளே ஒன்றுக்கொன்று எடை மாறும், கேஸ்களும் அப்படித்தான். அக்காவுக்காக நான் குறைத்துப் போட்ட பவுடர் அந்த வித்தியாசத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தராசு எதையும் சொல்லாது. முந்நூறையும் பிரித்துப் பார்க்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

3. அக்காவிடம் சொன்னது

அக்கா ரேஞ்சில் மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

"அக்கா, அந்தத் தோட்டா வேணாம். ஒண்ணுல பவுடர் இல்லாம இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியல. தப்பு என் மேலதான்."

அவர் துணி சுற்றுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன்.

"எங்க தியேட்டர்ல பஞ்சுக் கணக்கு ஒண்ணு கொறைஞ்சா வயித்தைத் தைக்க விட மாட்டோம்," என்றார். "டாக்டர் கத்துவாரு. கத்தட்டும். சரி, கம்பெனித் தோட்டா இருக்கா?"

இருந்தது, முழு உதையோடு. பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்தேன். ஆனால் தேய்த்த சைட்டை ஒட்ட முடியுமா? "கொஞ்சம் மேல அடிக்கும் அக்கா, தட்டோட கீழ் ஓரத்தைப் பாருங்க," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஒரு மாதம் அவருக்கு உதவட்டும் என்று செய்த ஒவ்வொன்றும் அன்று அவருக்கு எதிராக நின்றது.

முதல் சுற்றுகளில் சமாளித்தார். கடைசிச் சுற்றில் நான்கு தட்டு டிங் டிங் என்று பாடின. ஐந்தாவதுக்கு மேலே குண்டு பறந்தது, மறுபடியும் பறந்தது. மூன்றாவதில்தான் பட்டது. நான்கு பேரை எடுத்தார்கள். அக்கா ஐந்தாவது.

மத்தியானம் மணிக்கட்டில் ஐஸ் பையோடு என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். "பிரி, நான் பாக்கறேன்," என்றார். தோட்டா பிரிப்பதற்கென்றே உள்ள சுத்தியலுக்குள் மாட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். அவர் இடது கையால் பவுடரைக் கிண்ணத்தில் கொட்டி எண்ணிக்கொண்டே வந்தார். அன்று முடியவில்லை. மறுநாள் டியூட்டி முடிந்து மறுபடி வந்தார். கடைசித் தோட்டாவைப் பிரித்தபோது அதிலும் பவுடர் இருந்தது. எல்லாவற்றிலும் சரியான அளவில் இருந்தது. அடித்தட்டில் கிடந்தது எப்போதோ சிந்திய பவுடர் போலிருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. "எல்லாமே நல்ல தோட்டாதான் அக்கா. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா நீங்க டீம்ல இருந்திருப்பீங்க."

"இப்பதான் மணியம் இது நல்ல தோட்டா," என்றார் அக்கா. "நேத்து காலைல இல்ல."

பவுடர் இருந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. சுடுகிறவர் நம்மை நம்பி விரலை வைப்பது இரண்டாவதன் மேல்தான். அதன் பிறகு ஒரு கேஸைக்கூட உள்ளே பார்க்காமல் நான் மூடியதில்லை.

அக்கா பிரித்த கேஸ்களை எல்லாம் டப்பாவில் அள்ளி என் முன்னால் நகர்த்தினார்.

"அடுத்த வருஷமும் செலக்‌ஷன் வரும்லா. திரும்பப் போடு. நீயே போடணும்."