ஆறு பேருக்கான வண்டி

செபராங் ஜெயாவில் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் இப்போது வேலை. வண்டிகளைக் கழுவுவது, இடம் மாற்றி நிறுத்துவது, ஓட்டிப் பார்க்க வருகிறவர்களோடு துணைக்குப் போய் வருவது, விற்ற வண்டியை வீட்டிலோ கோயிலிலோ கொண்டுபோய் ஒப்படைப்பது. பேச்சு வேலையெல்லாம் விற்பனையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். இதற்கு முன் டுரியான் தோட்டத்தில் காவல் இருந்திருக்கிறேன், லாரியில் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஜொகூரில் ஓர் உணவுக்கடையின் பின்புறம் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்கு உடம்பு சரியில்லாததுபோல் ஆகிவிடும். இருப்பது பினாங்குத் தீவில், லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல் இருக்கும் அறையில். காலையில் பெர்ரியில் கரை தாண்டி வேலைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த சில மாதங்களில் மூன்று வரிசை இருக்கை வைத்த பெரிய வண்டியை மாற்றி வடிவமைத்து இறக்கினார்கள். பழையதில் மூன்றாம் வரிசை பேருக்குத்தான். முழங்கால் தாடையில் முட்டும், காற்றும் வராது; பைகளையும் கோபித்துக்கொண்ட பிள்ளைகளையும்தான் அங்கே போடுவார்கள். புதியதில் நடு இருக்கை ஒரு விசையில் முன்னால் நகர்ந்து வழி விடும். கூரையில் கடைசி வரிசைக்கும் குளிர்காற்று வரும் துளைகள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். விளம்பரத்தில் போட்டிருந்த எதையும் பெரும்பாலும் அவர்கள் கேட்டதில்லை. கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள். பின்னால் பிரியாணி அண்டா நிற்குமா என்று கையை விரித்து அளப்பார்கள். நாலு பிள்ளைகளோடு வந்த ஒரு மலாய்த் தாய், முன்னால் உட்கார்ந்தபடியே கடைசி வரிசைப் பிள்ளையின் காலை எட்டித் தட்ட முடிகிறதா என்று பார்த்தாள். நான்கு சக்கர இழுப்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் ஆண்கள்தான். பினாங்கில் அதற்கு என்ன அவசியம் என்று எந்த மனைவியும் ஒரு தடவையாவது சொல்லாமல் போனதில்லை.

நான் சொல்ல வந்த குடும்பம் பாயான் லெப்பாசிலிருந்து வந்தது. கணவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி வீட்டிலிருந்தபடி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், அடுத்து ஒரு மகள், கடைசியாகப் பள்ளிக்குப் போகும் சின்னப் பெண். கூடவே கணவரின் தங்கை. நாற்பது வயதிருக்கும், திருமணம் ஆகவில்லை, அவரும் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அன்று கூடத்தில் கூட்டம். விற்பனையாளரான சீன இளைஞர் அவர்களை என்னோடு அனுப்பிவிட்டார்.

ஓட்டிப் பார்க்க வைத்திருந்தது ஏழு பேர் உட்காரும் வண்டி. கணவர் ஓட்டினார், பக்கத்தில் மனைவி, நடு வரிசையில் மூன்று பிள்ளைகள். கடைசி வரிசையில் அந்தத் தங்கையும் நானும். வண்டி நிறைந்துவிட்டது. மேம்பாலத்தில் ஏறும்போது கணவர், பாலிக் பூலாவ் மலைப்பாதையில் மழைக்கு இனிக் கவலையே இல்லை என்றார். அங்கேதான் மனைவியின் அக்கா வீடு.

"இவரு ஓட்டுற வேகத்துக்கு நாலு சக்கரம் எதுக்கு? இருக்கிற ரெண்டே தூங்கிடும்" என்றார் மனைவி.

"நீ பேசுற பேச்ச இழுக்கணுமில்ல, அதுக்குத்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் முன்னால் எட்டிப் பார்த்தபடியே இருந்தார், அடுத்த பேச்சு எப்போது வரும் என்பதுபோல. பிறகு, கேட்காமலேயே, என்னிடம் சொன்னார். வீட்டில் இருந்த பழைய காரில் அண்ணன் குடும்பம் உட்கார்ந்தால் இடம் முடிந்துவிடும். கோயில், கல்யாணம், தீபாவளிக்கு உறவினர் வீடு, எதுவானாலும் இவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் போவார். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்வார். அதெல்லாம் பழகிப்போனதுதான். ஆனால் போய் இறங்கும்போது அவர்கள் எல்லாரும் எதற்கோ சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்குவார்களாம். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்ன என்று கேட்பார். சொல்லிப் பார்ப்பார்கள், சிரிப்பு வராது.

"காடிக்குள்ள என்னதான் பேசிக்கிட்டு வர்றாங்கன்னு கூட இருந்து கேக்கணும். எனக்கு அவ்வளவுதான்" என்றார்.

இவ்வளவு சின்னதாக ஒருவர் ஒரு வண்டியிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. கூரையில் இருந்த காற்றுத் துளையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

கூடத்துக்குத் திரும்பியதும் பிள்ளைகள் உள்ளே நிறுத்தியிருந்த வெள்ளை வண்டியைக் கண்டுவிட்டார்கள். அதே வண்டிதான். நடு வரிசையில் மட்டும் நீள இருக்கைக்குப் பதிலாகக் கை வைத்த இரண்டு தனி நாற்காலிகள், இரண்டுக்கும் நடுவே நடந்து போக வழி. சின்னப் பெண் அந்த வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தாள். மனைவி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, கல்யாண வீட்டில் சமைத்துவிட்டு இப்படித் திரும்ப வேண்டும் என்றார். எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். சரியாக இருந்தது. ஒருவரும் வெளியே நிற்கவில்லை, ஓர் இடமும் மிச்சமில்லை.

விற்பனையாளர் வந்து, வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். அது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. மனைவி, "சுக்குப்லா, போதும்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டு ஆளுங்களப் போய் எண்ணச் சொல்றாரு பாருங்க தம்பி. கண்ணு பட்டுடாது?"

எனக்கு அது புதிதல்ல. என் அம்மாவும் பந்தியில் ஆட்களை எண்ண விடமாட்டார். இலையை எண்ணு, தலையை எண்ணாதே என்பார். இப்போது என்னை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் பயப்படுவதற்கு ஆள் கிடையாது, அதனால் நான் அந்த வழக்கத்தையே மறந்திருந்தேன். அன்றே வெள்ளை வண்டிக்கு முன்பதிவு செய்தார்கள்.

வண்டியை ஜார்ஜ் டவுனில் ஒரு கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி நேரம் குறித்திருந்தார்கள். நான் பாலம் வழியாக ஓட்டி வந்தேன். வியர்வை படாமல் இருக்க ஸ்டீயரிங்கில் துணி சுற்றியிருந்தேன். ஐயர் முன்பக்கம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். குடும்பம் வாடகைக் கார்களில் வந்து இறங்கியது. தங்கை இரவு வேலை முடிந்து நேராக மோட்டாரில் வந்திருந்தார். சேலைக்கு மாறியிருந்தார், பூ வைத்திருந்தார். மோட்டாரைக் கோயில் சுவர் ஓரம் பூட்டி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வேன் என்று பூக்கடைக்காரரிடம் சொல்லி வைத்ததைக் கேட்டேன். பூசை முடிந்து முதல் பயணமாக எல்லாரும் பாலிக் பூலாவுக்குப் போகிறார்கள். அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு.

கடைசியாக வந்த வாடகைக் காரிலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கைத்தடியோடு இறங்கினார். கணவருக்கும் அந்தத் தங்கைக்கும் அப்பா. கூடத்துக்கு அவர் வந்திருக்கவில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஓட்டிப் பார்த்த அன்று அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். பெரியவரை முன்னால் உட்கார வைத்தார்கள், அதுதான் முறை. மூத்த பிள்ளைகள் இருவரும் நடுவழியாகப் போய்க் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி ஒன்றில் சின்னப் பெண், இன்னொன்றில் மனைவி. கணவர் ஓட்டும் இடத்தில். தங்கை திறந்த கதவில் கை வைத்தபடி நின்றார். தோளில் பலகாரப் பை.

கணவர் திரும்பிப் பார்த்து, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னார். "நீ மோட்டார்லதான வந்த? பின்னாடியே வந்துடு."

அவர் மனதில் ஒன்றுமில்லை. பல வருடங்களாகச் சொல்லி வந்தது, வாய் தானாகச் சொன்னது. சரிண்ணே என்பதும் பல வருடங்களாக வந்த பதில்தான். அன்று அது வரவில்லை.

"இல்லண்ணே. இன்னிக்கி நான் உள்ள வர்றேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. கதவிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"எப்படிலா, இது ஆறு பேருக்குத்தான..." என்று தொடங்கிய மனைவி பாதியில் நிறுத்தினார். வேண்டாம் என்று அத்தனை நாள் தள்ளி வைத்த எண் வாயிலிருந்து வந்துவிட்டது. சின்னப் பெண் அத்தை மடியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். நாற்காலிக்கு ஒரு பெல்ட்தான், மலைப்பாதையில் அது ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கைத்தடியை முதலில் வெளியே ஊன்றினார். தான் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். மூன்று பேர் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று அவரைத் தடுத்து உட்கார வைத்தார்கள். ஐயர் தட்டோடு நின்றார், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

கணவர் இறங்கினார். சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தங்கையிடம் கையை நீட்டினார். அவர் மோட்டார் சாவியை எடுத்துக் கொடுத்தார். மனைவி நகர்ந்து போய் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார், காலியான நாற்காலியில் தங்கை ஏறினார். நான் கதவைச் சாத்தினேன். நல்ல கனமான சத்தம், எல்லாரும் விரும்புகிற சத்தம். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி கிளம்பியது. கணவர் தலையில் தங்கையின் ஹெல்மெட் முழுதாக இறங்காமல் மேலே நின்றது. அப்படியே பின்னால் போனார்.

நீங்களும் அந்தக் குடும்பமா என்று ஐயர் என்னைக் கேட்டார். இல்லை, வண்டி கொண்டுவந்தவன் என்றேன். மீதியிருந்த சுண்டலை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அறைக்குப் போகும் வழியிலேயே நின்று அதைத் தின்று முடித்தேன்.

முதல் சர்வீசுக்குக் கணவர் தனியாக வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, நடு நாற்காலிகளை எடுத்துவிட்டு நீள இருக்கை போட முடியுமா என்று கேட்டார். பட்டறையில் விசாரித்துச் சொன்னேன். அடிப்பலகையே வேறு, முடியாது. அவரும் எதிர்பார்த்திருந்ததுபோலத்தான் தலையாட்டினார்.

வண்டி மேடையில் ஏறியிருந்தபோது இருவரும் காப்பி குடித்தோம். அன்று ஆயர் ஈத்தாம் தாண்டி மலை ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டதாம். இவருக்கு மழைச்சட்டைகூட இல்லை.

"பின்னாடி கண்ணாடியில தலைங்க மட்டும்தான் தெரிஞ்சிச்சு. எல்லாத் தலையும் ஆடுது. சிரிக்கிறாங்கன்னு தெரியுது. என்னன்னு தெரியல" என்றார். காப்பியை ஆற்றியபடி, "தங்கச்சி எத்தன வருசம் அப்படியே வந்திருக்கு" என்றார்.

இப்போது எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒண்ணாத்தான். தங்கச்சியும் உள்ளதான் வருது, கடைசி வரிசையில. அங்க ஒரே சத்தம்." காப்பியைக் கீழே வைத்தார். "பழைய காடியில சின்னத மடியில வச்சுக்கிட்டு அப்பாவையும் ஏத்திக்குவோம். இப்ப அப்பா வர்றதில்ல. கால் வலியாம்."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் காட்டியிருப்பார் என்றும், காலில் ஒன்றும் இல்லையென்று சொல்லியிருப்பார்கள் என்றும் தோன்றியது. உள்ளே இத்தனை பேர்தான் என்று ஒரு வண்டியை வாங்கியாகிவிட்டது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்கத்தான் வேண்டும். பெரியவர் அதைத் தானே எடுத்துக்கொண்டார். தனியாக இருப்பது கஷ்டமா என்று என்னைக் கேட்டால், பழகிவிடும் என்பேன். எழுபது வயதுக்கு மேல் பழகிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கழுவுவதற்கு வண்டியை வெளியே எடுக்கும்போது அவர் கூடவே வந்தார்.

"தம்பி, முன்னாடி சீட்ட மட்டும் நகத்தாதீங்க. அன்னிக்கி அப்பா கால நீட்டுறதுக்குப் பின்னாடி தள்ளினது. இப்ப என் பக்கத்துல அதுல வீட்டுக்காரிதான் உக்கார்றா, முன்னால கால் எட்டல. ஆனா நகத்த மாட்டேங்குறா."

சரி என்றேன். கடைசி வரிசையில் முறுக்குத் தூள், தலைப்பின், சின்னப் பெண்ணின் ஒற்றைக் காலுறை. அதையெல்லாம் எடுத்துவிட்டு முன்னால் வந்தேன். இருக்கையை நகர்த்தினால் அடியில் துடைப்பது சுலபம். நகர்த்தாமல் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தூசி உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டு, கை எட்டிய வரைக்கும் சுத்தம் செய்தேன்.