விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம்

சமீபத்தில் என்மேல் ஒரு புகார் வந்தது. கொடுத்தவர் எங்கள் கட்டடத்து நான்காம் மாடி ரஞ்சினி அக்கா. புகார் நியாயமானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளாக்டவுனில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டில் வீட்டு உரிமையாளர்கள் சங்கம் உண்டு. இங்கே ஸ்ட்ராட்டா என்பார்கள். மூன்று வருடமாக நான்தான் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி! கட்டடத்தைக் கவனிக்க சங்கம் அமர்த்தியிருக்கும் மேனேஜர் அனுப்பும் நோட்டீஸ்களில் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்த்தா...? அதை மட்டும் கேட்காதீர்கள்.

அப்படிப் போட்ட ஒன்றோடுதான் ரஞ்சினி அக்கா என் கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். எதிர்ப்பட்டால் சிரிப்போம் — அவ்வளவுதான் பழக்கம்.

"தம்பி, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஆமாக்கா."

"வாசிச்சனீங்களோ?"

அப்போதுதான் வாசித்தேன். உங்கள் வீட்டுக்கு வரும் கார் விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. மறுபடி நின்றால் ட்ரிப்யூனல் என்னும் தீர்ப்பாயத்துக்குப் போய் அபராதம் கேட்போம். கூடவே ஒரு வெள்ளைக் காரின் போட்டோக்கள்.

"அது நர்ஸின்ட கார். இவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. கிழமையில மூண்டு நாள் அவ வந்துதான் குளிக்க வாக்கிறா, நடக்கப் பழக்கிறா. மூண்டு மணித்தியாலம் வேணும். காரை எங்க விடுறது?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா..." என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் சண்டை போடவில்லை. "சரி, நான் எழுதிக் கேக்கிறன்" என்று போய்விட்டார்.

எழுதியது அரசாங்கத்துக்கு. இப்படிப்பட்ட தகராறுகளுக்கு அங்கே சமரசப் பேச்சு நடத்துவார்கள். சில வாரம் கழித்து ஆன்லைனில் உட்கார்ந்தோம். நடுவராக ஒரு பெண்மணி. ஒரு பக்கம் மேனேஜரும் நானும், எதிர்ப்பக்கம் ரஞ்சினி அக்கா தனியாக.

மேனேஜர் போட்டோக்களைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினார். ரஞ்சினி அக்கா ஆங்கிலத்தில் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த இரண்டு மணி நேர விதி அரசாங்கத்தில் பதிவாகியிருக்கிறதா? பதிவு அலுவலகத்தில் நான் வாங்கிய விதிகளின் நகலில் இல்லையே?"

மேனேஜர் தேடினார். நானும் என் ஈமெயிலில் தேடினேன்.

பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுத்து நிறைவேற்றிய விதிதான். ஆனால் பதிவு செய்யாத விதி செல்லாது. பதிவுக்கான படிவம் என் இன்பாக்ஸிலேயே கிடந்தது — என் கையெழுத்துக்காக! கண்டதிலெல்லாம் கையெழுத்துப் போட்டவன், போட வேண்டியதில் போடவில்லை.

அன்றே நோட்டீஸை எழுத்தில் வாபஸ் வாங்கினோம். சாயங்காலம் மன்னிப்புக் கேட்க நான்காம் மாடிக்குப் போனேன்.

"மன்னிப்பெல்லாம் என்னத்துக்கு? உள்ள வந்து இவரைப் பாருங்கோ."

அவர் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று அக்கா சொன்னதும், ஒரு பக்கம் கோணிய வாயால் சிரமப்பட்டுக் கேட்டார். "கா...ர்?"

"இனி நிக்கலாமப்பா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அக்கா என்னிடம் திரும்பினார். "உங்கட கடிதம் வந்த நாளில இருந்து இவர் வடிவாக் குளிக்கேல்லை தம்பி. மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ரெண்டு மணித்தியாலம் முடியிறதுக்கு முன்னமே, போதும், போங்கோ எண்டு நர்ஸை அனுப்பிப்போடுவார். நடைப் பயிற்சியும் விட்டுப்போச்சு."

அவர் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் விதியைத் திருத்தினோம். மருத்துவ உதவிக்கு வருபவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. இந்த முறை உடனே பதிவும் செய்தேன். போன வாரம் அக்காவின் கணவர் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு காரிடாரில் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிற்கவில்லை. நடந்துகொண்டே தலையாட்டினார்.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கு எந்த நோட்டீஸ் வந்தாலும், முதலில் அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்கிறேன். தாமதமாகிறதென்று மேனேஜருக்கு எரிச்சல். இருக்கட்டுமே... கட்டடத்தில் லிஃப்ட் வேறு எதற்கு இருக்கிறது?