வருகை: நான்கு

எழுத்தர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஈரம் காயும்வரை இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி மேசையருகே நிற்கிறார். துண்டால் துடைத்தால் நூல் ஒட்டுமாம். நூல் ஒட்டிய கையால் பழைய ஏட்டைத் தொடக் கூடாதாம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இப்படி. எதிரே உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை சிஸ்டருக்கு, எழுந்து போய்த் தன் அங்கியாலேயே அந்தக் கைகளைத் துடைத்துவிடலாமா என்று வருகிறது.

தேவாலயத்தை ஒட்டிய பங்குத் தொடக்கப்பள்ளி அது. ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியைகள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேருக்கு எதற்குத் தனியாக ஒரு பள்ளி, பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்று பங்குப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஆயர் இல்லத்தில் பேச்சு. நாளைக்கு முடிவெடுக்கிறார்கள். அதற்குமுன் பள்ளியின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பழைய ஏடுகளெல்லாம் எழுத்தரின் அலமாரியில் இருப்பதால் சிஸ்டர் அந்த வேலையை அவரிடமே கொடுத்தார். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம்.

நாற்காலி எத்தனை என்று கேட்டால், "பதினாறு. அதுல ஒண்ணு ஆடும்" என்று சொல்கிற மனிதர் அவர். நேற்று மழையா என்றால், எத்தனை மணிக்கு விட்டது என்பதுவரை வரும். ஆசிரியைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கமா சார்'. முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதாம். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "கமான்னா நடுவுல மூச்சாவது விட்டுக்கலாமே," என்பார்.

இப்போது மேசைமேல் இருப்பது இரண்டு பக்கம் அல்ல. அந்த இரண்டோடு இன்னும் பத்தொன்பது.

எண்பது வருடத்துக்கு முன்பு இங்கே தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர், சுமை தூக்குகிறவர்களின் பிள்ளைகளையும் கடைக்காரர்களின் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். கடைத்தெரு மொத்தமும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது. பதினோரு மாதம் பள்ளியில் நாலே பேர். அன்றன்று நடந்ததை அந்தம்மா நாளேட்டில் எழுதிவைத்திருக்கிறார். எழுத்தர் அதை ஒரு நாள் விடாமல் பிரதி எடுத்திருக்கிறார். 'மணி அடிக்கப்பட்டது. செபம். வருகை: நான்கு.' மறுநாள், 'மணி அடிக்கப்பட்டது. செபம். வருகை: நான்கு.' இப்படியே பத்தொன்பது பக்கம்.

"சார், பிள்ளைங்க கம்மின்னுதான் மூடப் பாக்குறாங்க. நாமளே போய், ஒரு காலத்துல நாலு பேருதான் இருந்தாங்கன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"இருந்தாங்களே சிஸ்டர்."

"இல்லன்னு நான் சொல்லல. அத விட்டுட்டு மேல போங்கன்றேன்."

"பதினோரு மாசம் சிஸ்டர். எப்படித் தாண்டறது?"

"சரி, ஒரே வரியா எழுதுங்க. பதினோரு மாதம் நான்கு பிள்ளைகள் படித்தார்கள். முடிஞ்சுது."

எழுத்தர் நிஜமாகவே யோசித்தார். "எழுதலாம். ஆனா தப்பாயிடும். நடுவுல மூணு நாள் மூணு பேருதான். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்."

சிஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆயர் இல்லத்து டிரைவர் வாசலில் தலையை நீட்டினார். "அஞ்சு மணிக்குள்ள கவர் அங்க இருக்கணுமாம் சிஸ்டர். வண்டிய அணைச்சிடவா, ஓட விடவா?"

"ஓடட்டும். சாருக்கு அந்தச் சத்தமாவது உறைக்கட்டும்." பிறகு எழுத்தரிடம் திரும்பினார். "இந்தப் பள்ளிக்கூடம் இருக்கணுமா வேண்டாமா? மொதல்ல அதச் சொல்லுங்க."

எழுத்தரின் கை காய்ந்திருந்தது. நாளேட்டைத் திறந்து, சிஸ்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒல்லியான, அவசரமில்லாத கையெழுத்து. 'மணி அடிக்கப்பட்டது. செபம். வருகை: மூன்று. மாலையில் நான்காவது பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொன்னேன்.' மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சிஸ்டர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"முப்பத்தெட்டு கம்மின்னா," என்றார் எழுத்தர், "எதோட வச்சுப் பாத்து கம்மின்னு கேட்டீங்களா சிஸ்டர்?"

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? ரெண்டு நாளா என் உயிர எடுக்குறீங்க."

"பத்தொம்பது பக்கமா அதத்தானே சொல்லிருக்கேன்."

சிஸ்டர் எல்லாத் தாள்களையும் வாரிக் கவருக்குள் திணிக்கப் போனார். எழுத்தர் குறுக்கே கையை நீட்டினார். "உண்மை நகல்னு கையெழுத்து போடணும் சிஸ்டர். ஒவ்வொரு பக்கத்துலயும்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போட, எழுத்தர் ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரையைக் குத்தி, ஊதி, அடுத்த தாளை எடுத்தார். காய்ச்சல் வந்த மூன்று நாளும் இருந்த பக்கத்தில் மட்டும் அவர் கை நின்றது. அந்த வரிகளின்மேல் மை படாதபடி தாளை ஒரு விரற்கடை நகர்த்தி, ஓரமாகப் பார்த்து மெதுவாக அழுத்தினார்.