சுவரோரம் நிற்கிற தொப்பிக்காரன்

பாளையங்கோட்டை லேஸ் பள்ளியில் சாரம்மாளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அவள் அலுத்துப்போன மனுஷி என்றுதான் முதலில் சொல்வார்கள். பொய்யில்லை. இருபத்தாறு வயதில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றவளுக்கு, பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா ஓர் அறையும் ஒரு வேலையும் தந்தாள். அறை சின்னது, வேலை பெரியது. நாற்பது பெண்களுக்கு நூல் கொடுத்து, பிசகினதை அவிழ்த்து, அழுகிறவளைத் தேற்றி முடித்தபிறகு, மாதிரி அட்டை குத்த உட்கார வேண்டும். அட்டையில் ஊசியால் குத்திய துளைகள் காட்டுகிற வழியில்தான் பெண்கள் நூலை ஓட்டுவார்கள். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை அட்டை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் பூவா, கொடியா என்று தெரியும். குத்திக் குத்தி அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் உபதேசியார் எலியேசர், கண்ணாடிப் படங்களை விளக்கொளியில் பெரிதாக்கிக் காட்டுகிற படவிளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். பள்ளி முற்றத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, ஐந்து மாலை ஒரே கதையைக் காட்டுவார். சீமையில் ஒரு நல்ல குடும்பம் சாராயத்தால் சீரழிகிற கதை. அதில் குடிக்க ஊற்றிக்கொடுத்துக் கெடுக்கிறவன் ஒருவன் உண்டு. நெட்டைத் தொப்பி, முறுக்கிய மீசை. அவனுடைய கண்ணாடிப் படத்துக்கு மட்டும் இரண்டு தகடு. எலியேசர் கைப்பிடியை இழுத்தால் அவன் தொப்பியைத் தூக்கிக் கண்ணை உருட்டுவான். பெண்கள் சாபம் கொடுப்பார்கள். சாரம்மாள் மட்டும் அவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். அந்தக் கதையில் நல்லவர்கள் எல்லாரும் ஓயாமல் வேலை செய்தார்கள். பெண்டாட்டிக்காரி ஐந்து நாளும் குனிந்து தைத்தாள். தொப்பிக்காரன் ஒருவன்தான் சுவரில் சாய்ந்து சும்மா நின்றான். அப்படி நிற்கிறவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே கழுத்துப் பாரம் இறங்கினது போலிருந்தது.

மூன்றாம் வருஷம் அவனை வரைந்து பார்த்தாள். பேனாவால் வரைய அவளுக்குத் தெரியாது, ஊசிதான் தெரியும். மிச்ச அட்டையில் சாண் உயரத்துக்குத் தொப்பி, மீசை, சாய்ந்த தோள் எல்லாம் குத்தினாள். விளக்குக்கு நேரே பிடித்தபோது அவன் அப்படியே நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாயிற்று அப்படிச் சிரித்து. அட்டையை மற்ற அட்டைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தாள்.

ஒளித்த இடம்தான் வினையாகிவிட்டது. 1906 ஈஸ்டருக்குக் கோயில் திருமேசைக்கு லேஸ் விரிப்பு வேண்டுமென்றாள் மிசியம்மா. நாலு மூலைக்கும் லீலிப் புஷ்பம். நாலு பெண்களுக்கு நாலு அட்டை எடுத்துக் கொடுத்த சனிக்கிழமை சாரம்மாளுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. பண்டிகைக்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோது மூன்று மூலையில் லீலி இருந்தது. நாலாவது, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் ஜெபகனி வீட்டில் வைத்தே பின்னிக் கொண்டுவந்தது. அதில் தொப்பிக்காரன் சாய்ந்து நின்றான்.

கர்த்தருடைய மேசையில் சாராயக்காரன். தெரிந்தால் வேலை போகும், அறை போகும், போக்கிடமும் கிடையாது. புதிதாக ஒரு மூலை பின்ன மூன்று வாரமாகும். மேசை கிழக்குச் சுவரை ஒட்டிக் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் தானே போய், அவன் இருந்த மூலை சுவர்ப்பக்கம் தொங்கும்படி விரித்தாள்.

பண்டிகை நல்லபடியாக முடிந்தது. மணியடித்து விளக்கேற்றுகிற கோயில்குட்டி ஞானையாவிடம், "அண்ணாச்சி, விரிப்பை வெளுக்கிறது, விரிக்கிறது எல்லாம் இனி நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். அவர் வேண்டாமென்றா சொல்வார். இருக்கிற வேலை போதாதென்று இதையும் தலையில் போட்டுக்கொண்டாளே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அந்த மூலையை மாற்றிவிடுவதாகத்தான் அவள் எண்ணம். அந்த அடுத்த மாதம் பதினோரு வருஷம் வரவில்லை. மாற்ற அவளுக்கு மனமில்லை என்பதே உண்மை. ஒருமுறை வெள்ளையடிக்க மேசையை நகர்த்துகிறார்கள் என்று கேட்டு, போட்ட சோற்றை விட்டுவிட்டு ஓடினாள். மற்ற ஞாயிறுகளில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, அங்கே ஒருவன் சும்மா சாய்ந்து நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். பிரசங்கத்தைவிட அது அவளைத் தேற்றியது.

1917இல் கண் மங்கிவிட்டது. மிசியம்மா அறையை அவளுக்கே விட்டுவிட்டு, இனி வேலை வேண்டாம், விரிப்பை ஜெபகனி பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். சனிக்கிழமை மாலை சாரம்மாள் விரிப்பை மடியில் போட்டுக் கத்தரியை எடுத்தாள். ஜெபகனி அறியாமல் திருப்பி விரித்தால் அவன் சபை முழுவதையும் பார்த்து நிற்பான். வெட்டத்தான் வேண்டும். தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாளே தவிர, கை வரவில்லை.

"கத்தரிய வையிங்க அக்கா." ஜெபகனி வாசலில் நின்றாள். "அவன் செவுத்துப் பக்கம் நிக்கணும். அவ்வளவுதான? நான் பாத்துக்கிடுதேன்."

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இருவத்திரெண்டு நாளு அவன மடியில வச்சிருந்தது நாந்தான? தொப்பி வந்தப்பமே ஆளு தெரிஞ்சுபோச்சு. அந்த இருவத்திரெண்டு நாளும் எனக்குக் கழுத்து வலிக்கலக்கா."

"அப்பமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அவுக்கச் சொல்லிருவீயள்லா."

சாரம்மாள் அழுதாள். பதினோரு வருஷம் தனியாகப் பயந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்றுதான் அழுதாள். ஜெபகனி கத்தரியை வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு விரிப்பை, அவன் உள்பக்கம் வரும்படி பைய மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சாரம்மாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.