சட்டி போன வழி

ஆங்கிலேயரின் தலைநகரத்தில், எட்மண்டனில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதன் தண்ணீரை நான் கண்டதில்லை. கம்பி வேலி, அதற்கப்பால் புல் மூடிய உயர்ந்த அணை, அணையின் உச்சியில் செம்மறிகள். குளத்தை ஆட்டுக்குக் காட்டி ஆளுக்கு மறைக்கிற ஊர் இது. மன்னார்க் குளங்களில் குதித்து வளர்ந்த என் மனைவி ஜெனிற்றாவுக்கு அந்த வேலியைக் கண்டாலே கோபம் வரும். அதனால்தான் ஒரு கோடையில், புதிதாக வாங்கிய, வழி சொல்லும் சட்நாவை நம்பி, வடக்கே ஏரி மாவட்டத்துக்குப் புறப்பட்டோம்.

அதே நகரின் கிழக்கே செவன் கிங்ஸில் இருக்கும் என் அக்காவும் வந்தாள். இது சின்ன விஷயமில்லை. தம்பி தேவாலயத்தில் தாலி கட்டிவிட்டான் என்று மூன்று வருடம் அவள் ஜெனிற்றாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று காலை, இரண்டு பக்கமும் காது வைத்த தன் பெரிய அலுமினியச் சட்டி நிறையப் புரியாணியோடு வாகனத்தில் ஏறி, "இந்தா பிள்ளை, காலுக்குள்ள வைச்சுப் பிடி" என்றாள். வழி நெடுக ஜெனிற்றா அதை விடவே இல்லை.

கிராஸ்மியர் ஏரியிலிருந்து றொதே என்ற சிறிய ஆறு புறப்படும் இடத்தில் சாப்பிட்டோம். சட்டி அடிப்பிடித்திருந்தது. அக்கா அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆற்றோரமாக ஊறப் போட்டாள். ஊரிலிருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு பாடப்புத்தகத்தில்தான் ஓடியது. கிணற்றடியில் வைத்த சட்டி வைத்த இடத்திலேயே இருக்கும். ஜெனிற்றா கண்டாள், என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு பேசத் தொடங்கிய மச்சாளுக்கு முதல் நாளே புத்தி சொல்ல யாருக்குத் துணிவு வரும்? தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால் சட்டி இல்லை.

"நீ இதிலதானே இருந்தனி. கண்டிருப்பாய். ஏன் சொல்லேல்ல?" என்று அக்கா ஜெனிற்றாவைக் கேட்டாள். இனி எத்தனை வருடமோ என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன்.

"ஓம் மச்சாள், கண்டனான். சொல்லப் பயமாயிருந்தது. வாங்கோ, மேல்குளம் வான் பாய்ஞ்சா தண்ணி கீழ்க்குளத்துக்குத்தானே போகும். சட்டியும் அங்கதான் வரும்."

அவள் ஊரில் குளங்கள் அப்படித்தான், ஒன்று நிரம்பி வழிந்து அடுத்ததை நிரப்பும். இங்கேயும் அதே கணக்குத்தான். கிராஸ்மியர், அடுத்தது றைடல், அதற்கும் கீழே விண்டர்மியர், பிறகு கடல். ஆற்றோரமாக நடந்தோம். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். அக்கா தன் ஆங்கிலத்தில், "பெரிசு. வெள்ளி நிறம். இரண்டு காது" என்றாள். மூதாட்டி உருகிப்போனாள். "ஐயோ பாவம், பெயர் என்ன?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சட்டிக்கு ஏன்ரா பேர்?"

றைடல் ஏரிக்குள் ஆறு நுழையும் இடத்தில், நாணலில் தட்டிக்கொண்டு நின்றது சட்டி. ஜெனிற்றா சப்பாத்தோடு இறங்கினாள். "கவனம் பிள்ளை!" என்று அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள், சட்டி கரைக்கு வந்த பிறகும் விடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"இனி நீயே வைச்சிரு. என்னட்டை இருந்தா ஓடிப்போகும்" என்றாள் அக்கா.

"பெரிய சமையல் எல்லாம் உங்கட வீட்டிலதானே மச்சாள். நீங்களே வைச்சிருங்கோ."

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீபாவளிக்கு செவன் கிங்ஸ், நத்தாருக்கு எட்மண்டன் என்று சட்டி நோர்த் சர்க்குலர் வீதியில் போவதும் வருவதுமாக இருக்கிறது. அவசரத்துக்குத் தேடும்போது இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: "அது மற்ற வீட்டில எல்லோ நிக்குது."